வாழ்க்கை வரலாற்றை முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள்

மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஓர் ஊர்ப்புற நூலகத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகும் சனிக்கிழமை சாயங்காலமானால் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள். பேய்க்கதை கேட்பார்கள், ராஜா கதை கேட்பார்கள். "இன்னைக்கு ஒருத்தரோட வாழ்க்கை வரலாறு படிக்கலாமா?" என்று கேட்டால் மட்டும் முகம் வாடிவிடும்.

அவர்கள் மேல் தப்பே இல்லை. வாழ்க்கை வரலாறு என்றால் அவர்களுக்குத் தெரிந்தது கட்டுரை நோட்டுதான். முன்னுரை, பிறப்பு, இளமை, கல்வி, தொண்டு, விருதுகள், முடிவுரை. அதில் பேரை மட்டும் மாற்றினால் காந்திக்கும் பொருந்தும், கலாமுக்கும் பொருந்தும். ஒரு மனுஷர் பட்ட பாட்டில் ஒரு வரிகூட அதில் இருக்காது. பேச்சுப் போட்டிக்காக அதையே மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். பிறகு பிள்ளைகள் இந்தப் புத்தகங்களைத் தொடுவதில்லை என்று குறைப்படுகிறோம்.

நான் கண்ட வழி ஒன்றுதான். பிள்ளைக்கு இப்போது என்ன வயசோ, அந்த வயசில் அந்தப் பெரியவர் ஏதோ ஒன்றில் திண்டாடிக்கொண்டிருந்த பக்கத்தைத் தேடிப் பிடியுங்கள். அங்கிருந்து தொடங்குங்கள். பிறந்த தேதி, தாய் தந்தை, ஊர் எல்லாம் அப்புறம் தானாக வரும்.

தளிர் தேடிய பையன்

இந்த வழியை எனக்குக் காட்டியது உ.வே.சாமிநாதையரின் என் சரித்திரம். பெரிய புத்தகம். முதல் பக்கத்திலிருந்து வாசித்தால் பத்து வயசுப் பிள்ளை கால் மணி நேரம் தாங்காது. உத்தமதானபுரம் எப்படி உண்டானது என்பதில் ஆரம்பிக்கிறது. பெரியவர்களுக்கு அது ருசி. பிள்ளைகளுக்கு நான் எடுப்பது மாயூரத்துத் (இன்றைய மயிலாடுதுறை) தோட்டத்தை.

அப்போது அவருக்குப் பதினாறு, பதினேழு வயசு இருக்கும். தமிழ் படிக்க வேண்டும் என்ற ஒரே ஆசையோடு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வந்து சேர்ந்திருக்கிறார். ஆனால் பிள்ளையவர்கள் நேராகப் பாடம் சொல்லவில்லை. பழைய மாணவரான சவேரிநாத பிள்ளை என்பவரிடம் ஒப்படைத்துவிட்டார். பையனுக்கு உள்ளுக்குள் ஏக்கம். இவ்வளவு தூரம் வந்தும் ஆசிரியர் வாயால் கேட்க முடியவில்லையே என்று. கேட்கவும் பயம்.

பிள்ளையவர்களுக்கோ தோட்டத்தின் மேல் ஆசை. வீட்டுக்குப் பின்னால் மரஞ்செடிகள் வைத்து, எதில் தளிர் விட்டிருக்கிறது என்று காலையில் போய்ப் பார்ப்பார். பையன் இதைக் கவனித்துவிட்டான். மறுநாள் அவருக்கு முன்னால் எழுந்து தோட்டத்துக்குப் போய், எந்தச் செடியில் எந்தக் கிளையில் புதுத்தளிர் என்று பார்த்து வைத்துக்கொண்டான். ஆசிரியர் வந்ததும், இதோ இங்கே ஒன்று, அதோ அங்கே ஒன்று என்று காட்டினான். அவர் முகம் மலர்ந்தது. நாளாக ஆக, இன்றைக்கு எங்கே தளிர் என்று அவரே இவனைக் கேட்கும் அளவுக்குப் பழக்கம் வந்தது. அந்தப் பழக்கம் தந்த தைரியத்தில்தான், தங்களிடமே பாடம் கேட்க வேண்டும் என்ற ஆசையை அவன் வாய்விட்டுச் சொன்னான்.

இதைச் சொல்லி நிறுத்திவிடுவேன். அவர் சீவக சிந்தாமணியை 1887இல் அச்சில் கொண்டுவந்தார் என்று அன்றைக்குச் சொல்ல மாட்டேன். அடுத்த சனிக்கிழமை ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்து, "எங்க கணக்கு டீச்சருக்குக் கோலம்னா உசுரு பாட்டி, கண்டுபிடிச்சுட்டேன்" என்றாள். அதன் பிறகு அவளே கேட்டாள், அந்தப் பையன் அப்புறம் என்ன ஆனான் என்று. அந்தக் கேள்வி வருகிற நாளில்தான் புத்தகத்தைக் கையில் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் கொடுத்தால் அது பாரம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் இதற்கு நேர்மாறாகச் செய்தேன். ஆர்வமாக வந்துகொண்டிருந்த ஒரு பையனுக்கு, கெட்டிக்காரன்தானே என்று, முந்நூறு பக்கத் தலைவர் வரலாறு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து அவன் அப்பாதான் வந்து புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். பையன் அதன் பிறகு நூலகப் பக்கம் வரவில்லை. இன்றைக்கும் அது எனக்கு வருத்தம்.

புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது

கடையிலோ புத்தகக் காட்சியிலோ அட்டையைப் பார்த்து வாங்காதீர்கள். நடுவில் பிரித்து நாலு பக்கம் வாசியுங்கள். மூன்று விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள்: காசு எங்கிருந்து வந்தது, எதில் தோற்றார், கூட யார் இருந்தார்கள்.

கும்பகோணத்துக் கணித மேதை ராமானுஜனை எடுத்துக்கொள்ளுங்கள். அவரைப் பற்றிச் சிறுவர்களுக்கு எழுதிய புத்தகங்கள் நிறையக் கிடைக்கும். பலகையில் கணக்குப் போட்டார், லண்டன் போனார், புகழ் பெற்றார் என்று தாவினால் அந்தப் புத்தகத்தைத் திருப்பி வைத்துவிடுங்கள். காகிதம் வாங்கக் காசில்லாததால்தான் பலகை. முழங்கையால் அழித்து அழித்துப் போட்டார். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர், கணக்கைத் தவிர மற்றதைப் படிக்காமல் தேர்வில் தவறி அந்த உதவித்தொகையை இழந்தார். 1905இல் வீட்டுக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினம் பக்கம் ஓடிப்போனார். பிறகு சென்னையில் சேர்ந்து படித்தும் எஃப்.ஏ. என்ற அந்தக் காலத்துக் கல்லூரித் தேர்வில் தேறவில்லை. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை. இத்தனையும் இருக்கிற புத்தகம்தான் பரீட்சையில் தவறிய பிள்ளைக்கு ஆறுதல் தரும். தோல்வியை மறைக்கிற புத்தகம், தோற்ற பிள்ளையைத் தனியாக விட்டுவிடுகிறது.

இன்னொன்று, கற்பனை உரையாடல். சின்னப் பிள்ளைகளுக்கான புத்தகத்தில் அம்மாவும் மகனும் பக்கம் பக்கமாகப் பேசிக்கொள்வார்கள். ஆறு, ஏழு வயசுக்கு அது இருந்துவிட்டுப் போகட்டும். ஒன்பது வயசு தாண்டினால் ஒரு கேள்வியைப் பழக்குங்கள்: "இதை யார் பக்கத்திலிருந்து கேட்டாங்க?" பிள்ளைகளுக்கு இது துப்பறிகிற மாதிரி. 1729 கதையில் இதற்கு நல்ல பதில் இருக்கிறது. உடம்பு சரியில்லாமல் இருந்த ராமானுஜனைப் பார்க்கப் போன ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டி, தான் வந்த டாக்ஸியின் எண் 1729, அதில் விசேஷமாக ஒன்றும் இல்லை என்றாராம். இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு வழியில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்றாராம் ராமானுஜன். இதை எழுதி வைத்தவர் ஹார்டியே, அங்கே இருந்தவர். சரிபார்க்கவும் முடியும். ஒன்றும் 1728உம் சேர்ந்தால் 1729. 729உம் 1000மும் சேர்ந்தாலும் 1729. சிலேட்டைக் கொடுத்துவிட்டால் பிள்ளைகளே போட்டுப் பார்ப்பார்கள்.

கழித்தல் கணக்கு

வாசிக்கும்போது பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம் இருக்கட்டும். வருஷம் வருகிற இடத்திலெல்லாம் அப்போது அவருக்கு என்ன வயசு என்று கழித்து எழுதச் சொல்லுங்கள். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. பலன் எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

ராமானுஜன் ஹார்டிக்கு முதல் கடிதம் எழுதியது 1913 ஜனவரியில். அதில் தனக்குச் சுமார் 23 வயசு என்று எழுதியிருக்கிறார். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி கழித்துப் பார்த்துவிட்டு, "பாட்டி, 1887 டிசம்பர்லதானே பொறந்தாரு? இருபத்தஞ்சு வருதே!" என்றாள். கணக்கில் தவறு இல்லை. அவள் சொன்னதுதான் சரி. இத்தனை பெரிய கணக்கர் தன் வயசை ஏன் அப்படி எழுதினார் என்று அன்றைக்குத் திண்ணையில் ஒரு மணி நேரம் பேச்சு ஓடியது. புத்தகத்தில் அச்சாகிவிட்டால் மட்டும் போதாது, பார்த்துத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லாமலே அவர்களுக்குப் புரிந்தது.

தில்லையாடி வள்ளியம்மையிடமும் இதைச் செய்து பாருங்கள். அவர் 1898 பிப்ரவரி 22இல் பிறந்தார், 1914 பிப்ரவரி 22இல் இறந்தார் என்று எழுதிக் கழிக்கச் சொல்வேன். பதினாறு என்று வந்ததும் பத்தாம் வகுப்புப் பெண்கள் பேசாமல் இருந்துவிடுவார்கள். ஊர்ப்பேர் முன்னால் இருப்பதால் அவர் தில்லையாடியில் பிறந்தவர் என்றே பலர் நினைக்கிறார்கள். அவர் பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில். தில்லையாடி, தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் இருக்கிற அவர் குடும்பத்து ஊர். உலகப் படத்தை விரித்து, இங்கிருந்து அவ்வளவு தூரம் ஏன் போனார்கள் என்று கேளுங்கள். ஒப்பந்தக் கூலி, மூன்று பவுண்டு தலைவரி, காந்தி அங்கே நடத்திய போராட்டம், சிறை, காய்ச்சல் எல்லாம் அந்த ஒரு கேள்வியிலிருந்தே வந்துவிடும்.

முடிந்தால் இடத்துக்கும் கூட்டிப்போங்கள். எங்களுக்குக் கும்பகோணம் பக்கம். நீடாமங்கலம், வலங்கைமான் வழியாகப் பஸ்ஸில் போய் ஒரு பகலில் திரும்பிவிடலாம். சாரங்கபாணி சன்னிதித் தெருவில் ராமானுஜன் வளர்ந்த வீட்டை நினைவிடமாக வைத்திருக்கிறார்கள். கூட்டிப்போன பிள்ளைகளில் பலர் முதலில் சொன்னது, "இவ்வளவு சின்ன வீடா" என்றுதான். எங்கள் தெருவிலேயே அதைவிடப் பெரிய வீடுகள் இருக்கின்றன.

யாருக்கு எந்தப் புத்தகம்

நம் சீர்காழியில் பிறந்தவர் எஸ்.ஆர்.ரங்கநாதன். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்று நூலகத்துக்கு விதி எழுதியவர். அந்த ஐந்து விதிகள் வந்த 1931ஆம் வருடத்தில்தான் எங்கள் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலிலிருந்து மாட்டுவண்டியில் நூலகம் கிளம்பி ஊர் ஊராகப் போனது. வேலையில் இருந்த வரைக்கும் அந்த இரண்டு விதிகளைத்தான் நான் மனசில் வைத்திருந்தேன்.

அவருக்கு இளமையில் திக்குவாய் உண்டு. கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, சில நாளிலேயே அந்த வேலை பிடிக்காமல் பாடம் நடத்தவே திரும்பிவிட நினைத்தார். எங்கள் திண்ணைக்கு வருகிற ஒரு பையனுக்கும் வார்த்தை திக்கும். அவனிடம் நான், இவரும் உன்னை மாதிரிதான் என்று சொல்லவில்லை. சொன்னால் அவன் குறையைச் சுட்டிக்காட்டியது போலாகிவிடும். எல்லோருக்கும் சேர்த்து அந்தக் கதையைச் சொன்னேன், திக்குவாய் வந்த இடத்தில் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எல்லோரும் போன பிறகு அவன் மட்டும் அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் போனான்.

அப்பாவை இழந்த பிள்ளைக்கு எம்.எஸ்.சுவாமிநாதன். அவரும் கும்பகோணத்துக்காரர். பதினொரு வயசில் அப்பா போய்விட்டார். 1943 வங்கப் பஞ்சம் அவரை விவசாயப் படிப்புக்குத் திருப்பியது. நாற்று, நடவு என்று வளர்கிற நம் பிள்ளைகளுக்கு அந்தப் பேச்சு அந்நியமாக இருக்காது. ஆனால் இப்படிப்பட்ட புத்தகத்தைக் கையில் திணிக்கக் கூடாது. மற்ற புத்தகங்களோடு நடுவில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். எடுத்தால் எடுக்கட்டும்.

வயதுக் கணக்கு ஒன்றும் கல்லில் எழுதியதில்லை. எட்டு வயசு வரைக்கும் நீங்கள் சொல்ல வேண்டும். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் ஒருநாளைக்கு ஓர் அத்தியாயம் உரக்க வாசியுங்கள், அவர்களும் மாறி மாறி வாசிக்கட்டும். பன்னிரண்டுக்கு மேல் தன்வரலாறும் நாட்குறிப்பும் தனியாகவே வாசிப்பார்கள். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் முன்னாலேயே காட்டிவிடுங்கள். உ.வே.சா. 1940இல், எண்பத்தைந்து வயசை எட்டும்போது, வார இதழில் தன் கதையை எழுத ஆரம்பித்தார். பதினாறு வயசுப் பையனை எண்பத்தைந்து வயசுப் பெரியவர் திரும்பிப் பார்க்கிறார். 1942இல் அவர் காலமானபோது கதை பாதியில் நின்றுபோனது. நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்து, பிறகு பிடிபட்டு முகாமில் இறந்துபோன யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் அப்படி இல்லை. பதின்மூன்றாவது பிறந்தநாளுக்குக் கிடைத்த நோட்டில் அன்றன்றைக்கு நடந்ததை எழுதுகிறாள். அடுத்த பக்கத்தில் என்ன நடக்கும் என்று அவளுக்கே தெரியாது, வாசிக்கிற நமக்குத் தெரியும். அந்த வித்தியாசத்தைப் பிள்ளைகள் ரொம்பச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.

கஷ்டமான இடம் வந்தால் தாண்டாதீர்கள். மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரைப் பற்றி வாசித்தால், தேவதாசி என்றால் என்ன என்று கேட்கத்தான் செய்வார்கள். சின்னப் பெண்களைக் கோயிலுக்கு என்று பொட்டுக்கட்டி விட்டுவிடுவார்கள், அதன் பிறகு அவர்களுக்கு மற்றவர்களைப் போலக் கல்யாணமும் குடும்பமும் கிடையாது, அதை ஒழிக்க இவர் பாடுபட்டார், 1947இல் அதைத் தடுக்கச் சட்டம் வந்தது என்று நேராகச் சொல்கிறேன். கீழவெண்மணியும் அப்படித்தான். 1968 டிசம்பர் 25 ராத்திரி, கூலி கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள் என்று சொல்வேன். நடந்ததை விவரிக்க மாட்டேன். அன்றைக்கு வேறு கதையும் சொல்ல மாட்டேன். கேள்வி கேட்கிறவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

வீட்டுக்குள்ளேயே ஒரு வரலாறு

நாலைந்து புத்தகம் வாசித்த பிள்ளைக்கு ஓர் அருமையான வேலை இருக்கிறது. தாத்தா, ஆத்தாவின் கதையை எழுதுவது. மே மாத விடுமுறை இதற்கு நல்ல சமயம். ஆற்றில் தண்ணீர் இருக்காது, வயலில் வேலை குறைவு, பெரியவர்களும் மத்தியானத்தில் திண்ணையில்தான் இருப்பார்கள்.

முதல் நாள் நோட்டும் செல்போனும் வேண்டாம். நோட்டைப் பார்த்தாலே ஆத்தாக்கள் "என்கிட்ட என்னடி இருக்கு எழுத" என்று வாயை மூடிக்கொள்வார்கள். "உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டாலும் அதே பதில்தான். பொருளைக் காட்டிக் கேட்கச் சொல்லுங்கள். நெல் அளக்கிற இந்த மரக்கால் யாருடையது? நெல் கொட்டி வைக்கிற பத்தாயம் காலியாகக் கிடந்த வருஷம் உண்டா? வீட்டுக்குக் கரண்ட் வந்த அன்றைக்கு ராத்திரி என்ன செய்தீர்கள்? நடவுக்குப் போன முதல் நாள் என்ன கூலி? பொருளைத் தொட்டதும் பேச்சு தானாக வரும். இரண்டாம் நாள் அனுமதி கேட்டுச் செல்போனில் பதிவு செய்துகொள்ளலாம்.

வருஷம் அவர்களுக்கு நினைவிருக்காது, புயல் நினைவிருக்கும். கஜா என்றால் 2018 நவம்பர். சுனாமி 2004. அதற்கு முந்தின பெரிய புயல் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பலர் சொல்வது 1977 நவம்பரில் அடித்ததை. அந்தப் புயலின்போது இடுப்பில் பிள்ளை இருந்ததா, வயிற்றில் இருந்ததா என்று கேட்டாலே பாதிக் கணக்கு முடிந்துவிடும். பழைய காகிதத்தில் தஞ்சாவூர் மாவட்டம் என்று போட்டிருந்தால் பிள்ளைகள் குழம்புவார்கள். நாகப்பட்டினம் தனி மாவட்டமானது 1991இல், திருவாரூர் 1997இல், மயிலாடுதுறை 2020இல் என்று எழுதி ஒட்டி வைத்துவிடுங்கள்.

எழுதும்போது ஒரே ஒரு நாளை மட்டும் எழுதச் சொல்லுங்கள், இரண்டு பக்கம் போதும். ஆத்தா சொன்ன வார்த்தையை அப்படியே எழுதட்டும். அதைப் "படித்த தமிழுக்கு" மாற்ற வேண்டாம் என்று வாத்தியார்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். முடிந்ததும் சம்பந்தப்பட்டவருக்கு உரக்க வாசித்துக் காட்ட வேண்டும். அவர் எடுக்கச் சொன்னதை எடுத்துவிட வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது.

போன வருஷம் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, தன் ஆத்தா முதல் முறை நடவுக்குப் போன நாளை எழுதினாள். பத்து வயசு, முழங்கால் சேறு, சாயங்காலம் மடியில் வாங்கிய நெல். எங்கள் திண்ணையிலேயே வாசித்துக் காட்டினாள். ஆத்தா காலை நீட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். மிராசுதார் பேர் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தி, அந்தப் பேரை அடிக்கச் சொன்னார். அவள் அடித்தாள். பிறகு, "அந்த இடத்துல எங்க அக்கா பேரை எழுது, அன்னைக்கு என் கையைப் புடிச்சு வரப்புல கூட்டிட்டுப் போனது அவதான்" என்றார். அக்கா சின்ன வயசிலேயே இறந்துவிட்டாராம். அந்தப் பேரை வீட்டில் யாரும் அதுவரை கேட்டதில்லை. எழுத்துக் கூட்டி இரண்டு தடவை கேட்டு, அவள் எழுதிக்கொண்டாள்.